மதுரையின் கான் சாஹிபும் அமெரிக்காவின் வாஷிங்டனும்

மதுரை காளவாசல் பக்கம் சம்மட்டிபுரத்தில் ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. அதற்குள் ஒரு கப்ர். அதில் அடங்கியிருப்பவர் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட முஹம்மது யூசுப் கான். மதுரைக்காரர்களுக்கு அவர் கான் சாஹிப். நகருக்குள் கான்சா மேட்டுத் தெருவும், வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்ற ஊரும் இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. கிராமத்துக் கதைப்பாடல் அவரது சண்டையைப் பாடியது. இன்றைய இளைஞர்களோ மருதநாயகம் என்று சொன்னால்தான் அடையாளம் காண்கிறார்கள். 1997இல் சென்னையில் தொடங்கி இன்றுவரை முடியாமல் நிற்கும் ஒரு திரைப்படம் தந்த அறிமுகம் அது. அந்தத் தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத். எந்தக் கொடியை எதிர்த்து கான் சாஹிப் தூக்குமரம் ஏறினாரோ, அந்தக் கொடிக்குரிய அரச குடும்பத்தின் வாரிசு!

கான் சாஹிப் போரிட்ட அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால், அதே ஆங்கிலேயருக்காக, அதே பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து இன்னொரு வாலிபரும் போரிட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். பின்னாளில் இருவருமே ஆங்கிலேயருக்கு எதிராகத் திரும்பினார்கள். ஒருவர் நாட்டின் தந்தை ஆனார். மற்றவரின் பெயருக்கு முன்னால் துரோகி என்ற பட்டத்தை ஆங்கிலேயர் ஒட்டினார்கள்.

2026இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 ஆண்டுகள் நிறைகின்றன. அந்நாட்டு அரசியல்வாதிகள் ஒவ்வொரு தேர்தலிலும் தங்கள் முன்னோர்களைக் கல்லறையிலிருந்து எழுப்பிச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நம் நாட்டிலும் அதுதான் நடக்கிறது. ஆகவே கான் சாஹிபின் வாழ்க்கையை வாஷிங்டனின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது, நேற்றை அறிவதற்கு மட்டுமல்ல, இன்றைய அரசியலில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அறியவும் உதவும்.

பனையூர் முதல் கும்பினிப் படை வரை

இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற கிராமத்தில், ஏறத்தாழ 1725ஆம் ஆண்டில், ஒரு வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பெற்றோர் வைத்த பெயர் மருதநாயகம். சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, பாண்டிச்சேரியில் ஐரோப்பியரிடம் வேலை பார்த்து, பல மொழிகள் கற்று, இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுப் கான் ஆனார். தஞ்சை, நெல்லூர் என்று பல இடங்களில் சிப்பாய் வேலை பார்த்த பிறகு, 1752 வாக்கில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் படைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அங்கே ராபர்ட் கிளைவ் இளம் தளபதி.

திருச்சிராப்பள்ளி அப்போது முற்றுகையில் இருந்தது. கர்நாடக நவாப் பதவிக்கு இரண்டு தரப்பு மோதின. ஒரு தரப்பில் முஹம்மது அலி, அவருக்கு ஆங்கிலேயர் துணை. மறு தரப்பில் சந்தா சாஹிபும் பின்னர் அவருடைய ஆட்களும், அவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முற்றுகையில் சிக்கிய கோட்டைக்கு அரிசியும் வெடிமருந்தும் கொண்டுபோய்ச் சேர்ப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அந்த வேலையைச் செய்து காட்டியவர் யூசுப் கான். எதிரியின் நடமாட்டத்தை முன்கூட்டி அறிவதிலும், இரவோடு இரவாக வண்டிகளை நகர்த்துவதிலும் அவருக்கு இணை இல்லை என்று ஆங்கிலத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸே எழுதி வைத்தார்.

அந்தக் காலத்திலேயே அவர்மீது ஒரு துரோகப் பழி சுமத்தப்பட்டது. அவர் எதிரியோடு சேர்ந்துவிட்டதாகப் போலிக் கடிதம் ஒன்று புனையப்பட்டது. விசாரணையில் அது லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளரான பொன்னியப்பனின் வேலை என்று தெரிந்து, அவன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். யூசுப் கானுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் கமாண்டன்ட் ஆக்கப்பட்டார். பனையூரில் பிறந்த ஒருவருக்கு அன்றைய கும்பினியில் கிடைத்த மிக உயர்ந்த பதவி அது.

நத்தம் கணவாயும் ஒஹாயோ காடும்

கொட்டாம்பட்டியிலிருந்து மேற்கே போனால் நத்தம். திருச்சியிலிருந்து மதுரைக்கு வரும் படைகள் அன்று நத்தம் கணவாயைத் தாண்டித்தான் வர வேண்டும். இருபக்கமும் அடர்ந்த காடு. அந்தக் காட்டுக்கும் மேலூர் நாட்டுக்கும் உரியவர்கள் கள்ளர் சமூகத்து மக்கள்.

1755இல் கர்னல் ஹெரான் என்ற ஆங்கிலேயர் வரி வசூலுக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குப் படை கொண்டு வந்தார். சிப்பாய்களுக்குத் தலைவராக யூசுப் கானும் அந்தப் படையில் இருந்தார். மதுரைக்கு அருகே திருமோகூர்க் கோவிலைத் தாக்கி, அங்கிருந்த விக்கிரகங்களை ஹெரான் படை எடுத்துச் சென்றது. மே மாத இறுதியில் அந்தப் படை நத்தம் கணவாய் வழியாகத் திரும்பியபோது கள்ளர்கள் காட்டுக்குள் மறைந்திருந்து பாய்ந்தார்கள். பெரும் சேதம் விளைவித்து, தங்கள் சாமிகளை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரான் பின்னர் லஞ்சக் குற்றச்சாட்டில் இராணுவ விசாரணைக்கு உட்பட்டுப் பதவி இழந்தார்.

இது நடந்து ஆறே வாரத்தில், 1755 ஜூலை 9 அன்று, வட அமெரிக்காவின் ஒஹாயோ பகுதிக் காட்டில் ஜெனரல் பிராடக் தலைமையில் சென்ற ஆங்கிலப் படையைப் பிரெஞ்சுக்காரர்களும் அந்த மண்ணின் பூர்வகுடிகளும் சிதறடித்தார்கள். பிராடக் மாண்டார். உயிர் தப்பிய அதிகாரிகளில் 23 வயது வாஷிங்டனும் ஒருவர்.

இரண்டு சம்பவங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உலகம் முழுவதையும் பங்கு போட்டுக்கொள்ள நடத்திய ஒரே போட்டியின் இரு முனைகள். இந்தப் போட்டிதான் அடுத்த ஆண்டு ஏழாண்டுப் போராக அறிவிக்கப்பட்டது. வாஷிங்டன் ஆங்கில அரசப் படையில் நிரந்தர அதிகாரி பதவி கேட்டார். காலனியில் பிறந்தவர் என்பதால் கிடைக்கவில்லை. மனம் வெறுத்து 1758இல் படையை விட்டு விலகித் தம் பண்ணைக்குப் போனார். ஆளுபவருக்கு எவ்வளவு உழைத்தாலும் நாம் அவர்களுக்கு இரண்டாம் தரம்தான் என்ற பாடத்தை வாஷிங்டன் அங்கே படித்தார். கான் சாஹிப் இங்கே படிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

மதுரையின் ஆட்சியாளர்

1756இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை அடக்கும் பொறுப்பு யூசுப் கானிடம் வந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது அவரை அவசரமாக அழைத்தார்கள். பிரெஞ்சுப் படையின் முதுகுப்புறம் அடித்து அடித்து ஓய்ந்துபோகச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. அந்த ஆண்டே, வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரையும் திருநெல்வேலியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

அவரது ஆட்சியைப் பகைவரும் குறை சொல்லவில்லை. கண்மாய்களும் வாய்க்கால்களும் செப்பனிடப்பட்டன. வழிப்பறி நின்றது. வியாபாரிகள் அச்சமின்றிப் பயணம் செய்தார்கள். வசூல் ஒழுங்காக நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பக்கம் படை நடத்தி வந்த கர்னல் புல்லார்ட்டன், கான் சாஹிப் காலத்து நிர்வாகத்தைப் போல் ஒன்றை இந்தச் சீமை பிறகு காணவில்லை என்ற பொருளில் புகழ்ந்து எழுதினார்.

மதுரை மீனாட்சி அம்மன் கோவில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு முன் நடந்த குழப்பங்களில் கோவிலின் வருமானம் பறிபோய், வழிபாடு தடைபட்டிருந்தது. கோவிலுக்கு உரியதை அதற்கே திரும்பத் தந்து, வழிபாடு மீண்டும் நடக்கச் செய்தவர் கான் சாஹிப் என்பதை மதுரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அவர் ஐந்து வேளை தொழுத முஸ்லிம். மணந்தது மாஸா என்ற கிறிஸ்தவப் பெண்ணை. நிர்வாகத்தில் இந்துக்கள் இருந்தார்கள். தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே பிற சமயத்தாரின் உரிமையை அவரால் காக்க முடிந்தது.

அதே நேரம் மறுபக்கத்தை மறைப்பது அமானிதத்துக்கு ஏற்றதல்ல. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் ஆங்கிலேயருக்கு வரி கட்ட மறுத்து நின்ற பாளையக்காரர். அவரது கோட்டைகளை உடைத்தது கான் சாஹிபின் படை. 1761இல் வாசுதேவநல்லூர் வீழ்ந்ததும் அவர் கையால்தான். மேலூர்ப் பக்கம் கள்ளர் நாட்டுக்குள் காட்டை வெட்டிப் பாதை போட்டபோது பல உயிர்களையும் எடுத்தார். இன்று பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் அரசு நினைவகம் இருக்கிறது. நம் பக்கத்து வீட்டார் போற்றும் ஒருவரோடு நாம் போற்றும் ஒருவர் போரிட்டார் என்ற உண்மையை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். அண்டை வீட்டாரிடம் போய் மூக்கறுபட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

வரிப்பணம் யாருக்கு?

கான் சாஹிபின் வளர்ச்சி நவாப் முஹம்மது அலிக்குப் பிடிக்கவில்லை. தமக்குக் கீழே இருக்க வேண்டிய ஒருவர் தனி அரசர் போல் ஆகிவிடுவாரோ என்ற பயம். கும்பினிக்கு நவாப் கடன்பட்டிருந்தார். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டுமானால் மதுரையின் வருமானம் தம் கைக்கு வர வேண்டும் என்றார். சென்னைக் கோட்டையில் இருந்த கவுன்சிலும் அதற்கு இசைந்தது. கான் சாஹிப் நேரடியாகக் கும்பினிக்குச் செலுத்தக் கூடாது, நவாபுக்கே கட்ட வேண்டும், அவர் நவாபின் ஊழியர்தான் என்று முடிவானது. அதிகக் குத்தகை தருவதாகக் கான் சாஹிப் சொன்னதையும் ஏற்கவில்லை.

பத்தாண்டு காலம் உயிரைக் கொடுத்து உழைத்தவரின் தலைவிதியை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், சென்னையில் ஓர் அறைக்குள் இருந்த சிலர் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை எதிர்த்து முறையிட அவருக்கு ஒரு மன்றமும் இல்லை. 1763 தொடக்கத்தில் அவர் பணிய மறுத்தார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரியும் சில பிரெஞ்சு வீரர்களும் அவரோடு சேர்ந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இது முஸ்லிமுக்கும் முஸ்லிமல்லாதவருக்கும் நடந்த சண்டை அல்ல. அவரைத் தூக்கிலிடத் துடித்த நவாபும் முஸ்லிம்தான். வரிப்பணம் யார் கைக்குப் போகும், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே சண்டையின் மூலம். இரண்டே ஆண்டுகளில், 1765இல், ஆங்கில நாடாளுமன்றம் அமெரிக்கக் காலனிகள்மீது முத்திரைத்தாள் வரியைப் போட்டபோது அங்கேயும் இதே கேள்வி எழுந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் எங்கள்மீது எப்படி வரி போடலாம் என்று காலனி மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் வளர்ந்து 1776இல் சுதந்திரப் பிரகடனம் ஆனது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் அவர்கள் கடலில் கொட்டிய தேயிலையும், கான் சாஹிப் பணி செய்த அதே கிழக்கிந்தியக் கும்பினியின் சரக்குதான்.

பாரிஸில் போட்ட கையெழுத்து

கான் சாஹிப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியது பிரெஞ்சுப் படை துணைக்கு வரும் என்ற நம்பிக்கையில். ஆனால் 1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவில், முஹம்மது அலியே கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று பிரெஞ்சு அரசும் ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து செய்தி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கான் சாஹிப் யாரை நம்பிக் களம் இறங்கினாரோ, அவர்கள் அவருடைய எதிரியை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று.

அதே ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவுதான் கனடாவையும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலப்பரப்பையும் ஆங்கிலேயருக்குத் தந்தது. அந்தப் போரில் ஏறிய கடனை அடைக்கத்தான் ஆங்கில அரசு காலனிகள்மீது வரி போட்டது. அதாவது, ஒரே காகிதம் மதுரையில் கான் சாஹிபின் முடிவையும், அமெரிக்காவில் புரட்சியின் தொடக்கத்தையும் எழுதியது.

முற்றுகை, துரோகம், தூக்கு

1763இல் ஆங்கிலேயரும் நவாபும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டார்கள். மழைக்காலம் வந்ததும் விலகிப் போனார்கள். 1764இல் மேஜர் கேம்பெல் தலைமையில் மீண்டும் வந்தார்கள். ஜூன் மாதம் கோட்டைச் சுவரை உடைத்து ஏற முயன்றபோது கான் சாஹிபின் வீரர்கள் அடித்து விரட்டினார்கள். ஆங்கிலத் தரப்பில் மேஜர் பிரெஸ்டன் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். சண்டையில் வெல்ல முடியாது என்று தெரிந்ததும், உணவு உள்ளே போகும் எல்லா வழிகளையும் அடைத்தார்கள். கோட்டைக்குள் பசி வந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் உள்ளே இருந்தவர்களே சதி செய்தார்கள். அவரது திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாஹிப், பிரெஞ்சு அதிகாரி மார்ஷான். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர். துரோகத்துக்கு மதம் கிடையாது. அவர் தொழுகையில் இருந்த நேரத்தில் பாய்ந்து, அவரது தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினார்கள் என்பது மதுரை மக்களிடம் நிலைத்த நினைவு. எதிரி முகாமில் ஒப்படைக்கப்பட்ட அவரை, அக்டோபர் 15 அன்று நவாபின் ஆணைப்படி தூக்கிலிட்டார்கள்.

அவரது உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்றும், அடக்கம் செய்தபின்னும் நவாபுக்கு உறக்கம் வரவில்லை என்றும் கதைகள் பல உலவுகின்றன. மக்கள் மனதில் அவர் எவ்வளவு பெரியவராக இருந்தார் என்பதை அந்தக் கதைகள் காட்டுகின்றன. 1808இல் அவரது கப்ர்மீது பள்ளிவாசல் எழுந்தது. அவரை ஷஹீத் என்போர் உண்டு. அந்தப் பதவியை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நம் வேலை துஆச் செய்வதும் பாடம் பெறுவதும்தான்.

வாஷிங்டனுக்குக் கிடைத்தது எது?

1775இல் வாஷிங்டன் புரட்சிப் படைக்குத் தளபதி ஆனார். அவரும் பல போர்களில் தோற்றார். அவரது படையும் பசியில் கிடந்தது. அவருக்கும் துரோகி இருந்தான். 1780இல் பெனடிக்ட் அர்னால்டு என்ற சொந்த ஜெனரலே வெஸ்ட் பாயின்ட் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்கப் பேரம் பேசி, அது வெளிப்பட்டதும் எதிரியிடம் ஓடினான். இங்கே சதி ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்தது. அங்கே அந்தச் சதியால் புரட்சி நின்றுவிடவில்லை. காரணம் என்ன?

முதல் காரணம் காலம். 1763இல் கான் சாஹிபுக்குக் கைகொடுக்க முடியாத பிரெஞ்சு அரசு, 1778இல் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் போட்டுக் கப்பற்படையும் அனுப்பியது. 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தது அந்த உதவியால்தான். அதே கார்ன்வாலிஸ் பிறகு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் திப்பு சுல்தானின் பாதி நாட்டைப் பறித்தார்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. வாஷிங்டனுக்குப் பின்னால் 13 காலனிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த சபைகள் இருந்தன. அவர்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் இருந்தது. அவரைத் தளபதி ஆக்கியதும் அந்தக் காங்கிரஸ்தான். வாஷிங்டன் பிடிபட்டிருந்தாலும் இன்னொருவரை அது நியமித்திருக்கும். கான் சாஹிபுக்குப் பின்னால் இருந்தது கூலிப்படையும் குத்தகைப் பத்திரமும். மக்கள் அவரை நேசித்தார்கள். ஆனால் அந்த நேசத்துக்கு ஒரு சபையோ, ஓர் அமைப்போ, ஓர் ஓட்டோ இல்லை. ஆகவே மூன்று பேர் சேர்ந்து ஒருவரைக் கட்டிப் போட்டதும் ஒரு நாடே கட்டுப்பட்டுவிட்டது.

போர் முடிந்ததும் 1783 டிசம்பரில் வாஷிங்டன் தம் பதவியைக் காங்கிரஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போனார். பிறகு இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்து 1797இல் தாமாக விலகினார். அவரும் குறையற்றவர் அல்லர். விடுதலைக்குப் போரிட்டவரின் பண்ணையில் அடிமைகள் உழைத்தார்கள். 1799இல் அவர் இறந்தபோது அந்தப் பண்ணையில் 300க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1774இல் அவர் எழுதிய அடிமைகளின் பட்டியலில் பாத்திமா என்று நம் காதில் ஒலிக்கும் பெயரோடு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அமெரிக்க முஸ்லிம்களின் வரலாறு அந்த நாடு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இன்றைய அரசியலில்

அமெரிக்காவில் இன்று எல்லாத் தரப்பும் அந்த ஆரம்ப காலத்தைத் தங்களுக்குச் சொந்தம் கொண்டாடுகின்றன. 2009இல் வரியை எதிர்த்துக் கிளம்பிய ஓர் இயக்கம் பாஸ்டன் தேயிலைச் சம்பவத்தின் பெயரையே சூட்டிக்கொண்டது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்தவர்கள் 1776ஐச் சொல்லிக்கொண்டு புகுந்தார்கள். தேர்தலில் தோற்றவர் விலகுவது என்ற, வாஷிங்டன் காலத்தில் ஊன்றிய வழக்கத்தை எதிர்த்தே அவர்கள் கிளம்பினார்கள் என்பதுதான் வேடிக்கை.

வரலாற்றை நல்ல வழியில் பயன்படுத்தியவர்களும் உண்டு. அந்நாட்டு மக்களவைக்குத் தேர்வான முதல் முஸ்லிம் கீத் எல்லிசன். 2007 ஜனவரியில் அவர் குர்ஆன் பிரதியோடு உறுதிமொழி எடுக்கப்போகிறார் என்றதும் சிலர் கூச்சலிட்டார்கள். அவர் பதிலுக்குக் கூச்சலிடவில்லை. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் 1765இல் வாங்கி வைத்திருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பை, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்திலிருந்து வரவழைத்து அதன்மீது கை வைத்தார். நாங்கள் நேற்று வந்தவர்கள் அல்லர் என்பதை அந்த ஒரு நூல் சொல்லிவிட்டது.

நம் நாட்டில் நிலைமை என்ன? கர்நாடகத்தில் 2015இல் அரசு விழாவாகத் தொடங்கிய திப்பு சுல்தான் பிறந்தநாள், ஆட்சி மாறியதும் 2019இல் நிறுத்தப்பட்டது. கான் சாஹிபை ஒரு சாரார் சாதிப் பெயரோடு உரிமை கோருகிறார்கள். இன்னொரு சாரார் மதம் மாறியவர் என்று ஒதுக்குகிறார்கள். நம்மில் சிலரோ வாள் ஏந்திய படம் ஒன்றைப் போட்டு, முதல் சுதந்திர வீரர் எங்களவர் என்று வாட்ஸ்அப்பில் பரப்புவதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறோம். அந்தப் படத்தில் பூலித்தேவரும் இல்லை, கள்ளர் நாடும் இல்லை, மீனாட்சி அம்மன் கோவிலும் இல்லை. பாதி வரலாறு சண்டை மூட்டும். முழு வரலாறுதான் நமக்கும் கண்ணியம், அண்டை வீட்டாருக்கும் நீதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரியும் பிரதிநிதித்துவமும் பழைய கதை அல்ல. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் அந்தத் தளபதியின் பெயரைக் கொண்டது. அங்கே வாழும் மக்கள் கூட்டரசுக்கு வரி கட்டுகிறார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இங்கே மாநிலங்களுக்கு இடையிலான நாடாளுமன்ற இடப் பங்கீடு 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நிறுத்தப்பட்டது. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்புவரை அப்படியே இருக்கும் என்று 2001இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகு மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தென் மாநிலங்களின் பங்கு குறைந்துவிடுமோ என்ற அச்சம் கட்சி பேதமின்றி எழுந்திருக்கிறது. 543 இடங்களில் தமிழகத்துக்கு இன்று 39. நம்மைக் கேட்காமல் நம்மைப் பற்றி முடிவெடுக்கும் அறையில் நமக்கு ஓர் இருக்கை உண்டா? 1763இல் மதுரையிலும், 1765இல் பாஸ்டனிலும் கேட்கப்பட்ட கேள்வியேதான் இது.

கான் சாஹிபுக்கு அந்த இருக்கை இல்லை. நமக்கு இருக்கிறது. நம் ஓட்டு இருக்கிறது. நீதிமன்றம் இருக்கிறது. ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை மனு போட வழி இருக்கிறது. மஹல்லாதோறும் ஜமாஅத் இருக்கிறது. ஆனால் அவற்றை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? எத்தனை மஹல்லாக்களில் வாக்காளர் பட்டியல் வெளியானதும் வீடு வீடாகப் போய்ப் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்கிறோம்? நிக்காஹ் முடிந்து வேறு ஊர் போன பெண் பிள்ளைகளின் பெயரைப் புதிய ஊரில் சேர்க்கிறோமா? ஜமாஅத்தில் நிர்வாகம் ஒருவர் கைக்குள் அடங்கிக் கிடக்கிறதா, மஷூரா நடக்கிறதா? இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே சொல் இருக்கிறதா? ஆலோசித்து முடிவெடுப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வழி. அதை விட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு வீரர் குதிரையில் வருவார் என்று காத்திருப்பது, மீண்டும் ஒருமுறை மூன்று பேரின் சதிக்கு முழுச் சமுதாயத்தையும் பணயம் வைப்பதாகும்.

வீரம் கான் சாஹிபிடம் குறைவில்லாமல் இருந்தது. நிர்வாகத் திறமை இருந்தது. மாற்று மதத்தாரிடம் நீதி இருந்தது. இல்லாமல் போனது, அவர் இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய ஓர் அமைப்பு. சம்மட்டிபுரத்துக்கு ஜியாரத் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். தூக்குக் கயிற்றின் கதையோடு நிறுத்திவிடாமல், கண்மாயைத் தூர்வாரிய கதையையும், கோவிலுக்கு உரியதைத் திருப்பித் தந்த கதையையும், பூலித்தேவரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் வாக்காளர் பட்டியலில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அல்லாஹ் அவருடைய பிழைகளை மன்னித்து, நல்லமல்களை ஏற்றுக்கொள்வானாக. வரலாற்றிலிருந்து பாடம் பெறும் சமுதாயமாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.